வீட்டுக்கு விட்டுப்போகச் சொன்ன பிள்ளை

மாமரத்தின் தாழ்ந்த கிளையில் கயிறு கட்டி, மீன் வாடியில் இரவல் வாங்கி வந்த தொங்கு தராசை அதில் மாட்டி, கொக்கியில் எங்கள் சூட்கேஸை ஏற்றிவிட்டு, அது ஆடி ஓயும் வரை மாமா அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்ற காலை நேரத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தராசின் தட்டில் முதல்நாள் நிறுத்த மீனின் செதில் காய்ந்து ஒட்டியிருந்தது. கொக்கி பட்ட கைப்பிடியெல்லாம் மீன் நாற்றம். "பிளேன் ஏறுற நேரம் நிறை கூடினா அவன் தண்டம் அடிப்பான். இஞ்சயே பாத்திட்டா நல்லம்தானே" என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொன்றாக இறக்கி வைத்தார். மூன்றாவது சூட்கேஸை இறக்கியதும் தராசைக் கழற்றத் தொடங்கினார். நாங்கள் நாலு பேர். நானும் கணவரும் மகளும் மகனும். நாலாவது சூட்கேஸ் வீட்டுக்குள்ளே வெறுமனே கிடந்தது. அதை நான் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். அதைப் பார்த்துவிட்டு, பாராததுபோல், "தராசக் குடுக்கணும் புள்ள, வாடியில மீன் வந்திருக்கும்" என்று கேற்றைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

மாமா என்றால் என் அம்மாவுக்கு நேரே இளையவர். நீர்ப்பாசனத் திணைக்களத்தில் ஓவசியராக இருந்து பென்சன் எடுத்தவர். செட்டிபாளையத்தில் எங்கள் வளவுக்குப் பின்னால், மாமியின் வீட்டில் இருந்தார். இரண்டு வளவுக்கும் நடுவே வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு கடப்பு. அந்தக் கடப்பால் மாமா வராத நாள் என் வாழ்க்கையில் இருந்ததில்லை. அவருக்கு இரண்டு ஆண் பிள்ளைகள், ஒருவர் கொழும்பில், ஒருவர் கட்டாரில். மகள் இல்லை. அப்பாவும் அம்மாவும் போனபிறகு என் வீட்டில் எந்த விசயத்துக்கும் கடைசி வார்த்தை சொல்லும் உரிமை தனக்கு என்று அவரே எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, யாரும் மறுக்கவும் இல்லை. என் பிள்ளைகள்கூட என்னைப் பார்த்து அவரை மாமா என்றே கூப்பிட்டார்கள்.

எனக்கு இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை கிடைத்தது. குடும்பத்தையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்கள். ஊரில் எல்லோரும் "லண்டனுக்குப் போறாவாம்" என்று கதைத்தார்கள். நான் போன இடத்துக்கும் லண்டனுக்கும் நடுவே, மட்டக்களப்புக்கும் கொழும்புக்கும் உள்ள அளவு தூரம் என்பது வேறு கதை. நாங்கள் பணக்காரர் இல்லை. கணவர் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்டோவை விற்றோம். என் நகையில் தாலிக்கொடி தவிர மற்றதெல்லாம் போனது. குளிருக்கு என்று மட்டக்களப்புச் சந்தையில் பழைய உடுப்புக் குவியலைக் கிளறி, வியர்த்து ஒழுக ஒழுக ஜக்கற் போட்டுப் பார்த்தோம். பிள்ளைகள் இருவருக்கும் ஒன்று காணும், வெளியே போகும்போது மாறி மாறிப் போடட்டும் என்றார் மாமா. இரண்டு பிள்ளைகளும் ஒரே நேரத்தில்தான் பள்ளிக்கூடம் போவார்கள் மாமா என்றேன். "ஒண்டு ஓடிப் போகட்டுமே, ஓடினா குளிராது" என்றார். அவர் பகிடி விடவில்லை. மாமா பகிடி விடுகிற ஆள் அல்ல.

டிக்கெட் எடுக்க டவுனுக்குப் போன நாளில் அவர் கூட வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார். அந்தக் கடையில் கழுத்துப்பட்டி கட்டிய ஒரு தம்பி கம்பியூட்டரைப் பார்த்து விலை சொல்லச் சொல்ல, மாமா காத்தான்குடிச் சந்தையில் புடைவைக்குப் பேரம் பேசுவது போலப் பேசினார். ஆறு வயது மகனைக் கையால் அளந்து காட்டி, "இந்தப் பொடியனுக்கு எதுக்குத் தம்பி சீற்? கல்முனை பஸ்ஸில மடியில வெச்சிக்கொண்டுதானே போறம்" என்றார். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத்தான் அப்படி என்று அந்தத் தம்பி பொறுமையாகச் சொன்னான். "ஆள் வளத்தி குறைவுதானே" என்றார் மாமா. பிறகு, இவர்கள் கட்டுச்சோறு கொண்டு போவார்கள், பிளேனில் சாப்பாடு வேண்டாம், அந்தக் காசைக் கழி என்றார். எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்தாள். பூமி பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. கடைசியில், வழியில் ஓர் ஊரில் ஒரு முழுப் பகலும் காத்திருக்க வேண்டிய, ஆக மலிந்த டிக்கெட்டைப் பார்த்து வைத்தோம். அப்படியும், விசா, டிக்கெட், போனதும் கொடுக்க வேண்டிய வீட்டு முற்பணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் கையில் இருந்தது மூன்று பேருக்குத்தான் காணும்.

திரும்பி வருகிற பஸ்ஸில் மாமா அதிகம் கதைக்கவில்லை. களுதாவளைக் கோயிலுக்குப் போகிற கூட்டம் நெரிந்தது. ஆரையம்பதி தாண்டியதும், யன்னலால் வெளியே பார்த்தபடி, "அப்ப மகள் இரிக்கட்டும்" என்றார். எனக்கு முதலில் விளங்கவில்லை. "மூணு பேரும் போங்க. புள்ள எங்களோட இரிக்கட்டும். நாங்க பாப்பம்" என்றார். நாலாம் வகுப்புப் படிக்கிற பிள்ளையை, கூடுதலான ஒரு சாமானை எடுத்து வைப்பது போல எடுத்து வைத்துவிட்டார்.

பெண் பிள்ளை என்று இளப்பமாக நினைத்து அவர் இதைச் சொன்னார் என்று வெளியூர்க்காரர் நினைக்கக்கூடும். அப்படி நினைத்திருந்தால்கூட நான் ஏசிவிட்டுப் போயிருப்பேன். விசயம் நேர்மாறு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குரியது. தாயின் வீடு மகளுக்குப் போகும். ஆண் பிள்ளை கலியாணம் கட்டி மனைவியின் வீட்டுக்குப் போவான். என் வீடு என் அம்மாவின் வீடு, எனக்குப் பிறகு என் மகளின் வீடு. ஆகவே மாமாவின் கணக்கில் அந்தக் குடும்பத்தில் ஆக முக்கியமான ஆள் அவள்தான். நானும் கணவரும் மகனும் எங்கே வேண்டுமானாலும் போகலாம். வீட்டுக்காரி வீட்டை விட்டுப் போகலாமா? வீட்டை யாருக்காவது வாடகைக்குக் கொடுத்து முன்பணம் வாங்கினால் நாலு பேரும் போகலாம் என்று நான் சொன்னபோது, "பொம்பிளப் புள்ளைக்குரிய வீட்டில ஊரானக் குடியேத்துறதா? என்ன கதை கதைக்கிறாய்?" என்று கொதித்தார். அந்தப் பிள்ளைக்காக வீட்டைக் காப்பாற்ற வேண்டும், வீட்டைக் காப்பாற்ற அந்தப் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டும். இதை அவர் முகத்துக்கு நேரே நான் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "அதைத்தான் நானும் சொல்லுறன்" என்பார். சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருக்கும்.

கணவர் இதில் தலையிடவில்லை. அவர் களுவாஞ்சிக்குடியிலிருந்து என் வீட்டுக்கு வந்தவர். "அது உங்கட வீடு, உங்கட மாமா. நான் என்னத்தச் சொல்லுற" என்றார். பிள்ளை உங்களுடையதுதானே என்று கேட்டேன். "ஓம்" என்றார். அந்த ஓமை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. அவர் கராஜில் பழைய சிநேகிதரைப் பார்க்கப் போய்விட்டார். மாமி மட்டும் கடப்பில் நின்று, "புள்ளைய விட்டுட்டுப் போகாத. அவருக்கு விசர்" என்று மெதுவாகச் சொன்னா. சொல்லிவிட்டு மாமா வருகிறாரா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டா.

மாமாவுக்கு ஏன் அப்படி விசர் பிடித்தது என்பது எனக்குத் தெரியாததல்ல. இளந்தாரியாக இருந்தபோது தன் அக்காவான என் அம்மாவுக்கு அந்தக் கல்வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தன் கலியாணத்தை நினைத்தவர் அவர். பிறகு யுத்தக் குழப்பம் வந்தது. வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோருமாக வாவியைக் கடந்து படுவான்கரைக்கு ஓடினோம். நான் அப்போது சின்னப் பிள்ளை. திரும்பி வந்தபோது கதவு இல்லை, யன்னல் இல்லை, நிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள், கூரையில் ஓடு இல்லை. கிணற்றுக் கப்பியைக்கூட விட்டு வைக்கவில்லை. அம்மா நடு வீட்டில் நின்று மேலே வானத்தைப் பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாமா சம்பளத்தில் மிச்சம் பிடித்து, மாமியிடம் ஏச்சு வாங்கி, வருசக் கணக்காக அதைத் திரும்பக் கட்டினார். அவருடைய கஞ்சத்தனம் அங்கேதான் தொடங்கியது என்று மாமி சொல்லுவா. ஆளில்லாத வீடு என்றால் அவர் கண்ணுக்குக் கூரையில்லாத வீடுதான் தெரியும். அது எனக்கு விளங்கியது. ஆனால் அவர் பயத்துக்கு என் மகளா காவல்?

நானாகவே ஆள் தேடினேன். ஒரு ஆசிரியையும் புருசனும் வீடு பார்க்க வந்தார்கள். அமைதியான ஆட்கள், முன்பணம் தரவும் தயார். நான் தேத்தண்ணீர் போட்டுக்கொண்டு வருவதற்குள் மாமா கடப்பால் வந்து அவர்களோடு கதைத்துக்கொண்டிருந்தார். மாரியில் வாவி ஏறி வளவுக்குள் வரும் என்றார். கிணற்றுத் தண்ணீர் சில மாதத்தில் உவர் என்றார். பின் அறையில் ஒருக்கால் புடையன் பாம்பு கிடந்தது என்றார். மூன்றும் பொய் இல்லை, எல்லா வீட்டிலும் உள்ளதுதான், ஆனால் வீடு பார்க்க வந்தவர்களுக்கா சொல்லுவது? அவர்கள் தேத்தண்ணீரைக் குடித்து முடிக்காமலே எழும்பிப் போய்விட்டார்கள். அன்றைக்கு நான் மாமாவைக் கண்டபடி ஏசினேன். அவர் கோபப்படாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "உண்மையத்தானே சொன்னன்" என்றார்.

அதற்குள் இன்னொரு கதை அடிபட்டது. இனிமேல் இந்த வேலைக்கு வருகிறவர்கள் குடும்பத்தைக் கூட்டிவர முடியாதபடி அங்கே சட்டம் மாறப் போகிறதாம். எனக்கு வேலை எடுத்துத் தந்தவர் போனில் சொன்னார், போகிற ஆட்களின் விண்ணப்பம் எல்லாம் இப்போதே போக வேண்டும், பிறகு ஒருவரைச் சேர்ப்பது கஷ்டம். இப்போது விட்டுவிட்டுப் போனால், அடுத்த வருசம் கூப்பிடுவேன் என்று பிள்ளைக்குச் சொல்லும் வார்த்தையை என்னால் காப்பாற்ற முடியாமல் போகலாம். இதை மாமாவிடம் சொன்னேன். "சட்டம் மாறினா திரும்பவும் மாறும்" என்றார். மறுநாள்தான் மூன்று சூட்கேஸை மாமரத்தில் கட்டித் தூக்கினார்.

தராசைக் கொடுத்துவிட்டு அவர் மத்தியானம் சாப்பிட வந்தார். இறால் சொதியும் முருங்கைக்கீரை வறையும். எல்லோரும் நிலத்தில் பாய் போட்டு இருந்தோம். மகளுக்கு அதுவரை யாரும் எதுவும் நேராகச் சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு எது தெரியாது? மாமா அவளுக்கு இறாலை எடுத்து வைத்து, "இந்த வீடு ஆருக்கு?" என்று கேட்டார். அது அவர்களுக்குள் பழைய விளையாட்டு. அவள் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து கேட்கிற கேள்வி. "எனக்கு" என்று அவள் கத்துவாள், அவர் சந்தோசப்படுவார். அன்றைக்கு அவள் கத்தவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "தம்பிக்குக் குடுங்க மாமா. அவன் இரிக்கட்டும். நான் அம்மாவோட போறன்" என்றாள். மகன் வாய் நிறையச் சோற்றோடு, "எனக்கு வேணாம்" என்றான்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த வளவில், அந்தத் தெருவில், அவருக்குத் தெரிந்த எந்தக் குடும்பத்திலும் ஒரு பெண் பிள்ளை தன் வீட்டைத் தம்பிக்குக் கொடு என்று சொன்னதில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் சொல்லிக் கொடுத்தேன் என்று நினைத்திருக்க வேண்டும். நான் சொல்லிக் கொடுக்கவில்லை, எனக்கு அந்த மூளை இருந்திருந்தால் முதலிலேயே சொல்லிக் கொடுத்திருப்பேன். மாமா பாதிச் சோற்றோடு எழும்பிக் கை கழுவினார். சோற்றில் ஒரு பருக்கை மிச்சம் வைத்தால் எங்களைக் கொன்றுவிடுகிற மனிதர்.

அதன்பிறகு சில நாட்கள் கடப்பால் அவர் வரவில்லை. "கதைக்கிறாரில்ல புள்ள. ஒரே வட்டையப் பாத்துக்கொண்டு இரிக்கார்" என்று மாமி வந்து சொன்னா. வட்டை என்றால் வீட்டுக்கு மேற்கே உள்ள வயல் வெளி, அதற்கப்பால் வாவி. பார்ப்பதற்கு வேறென்ன இருக்கிறது. எனக்கு அவரைப் பார்க்கப் போக வேண்டும் போலவும் இருந்தது, போகக்கூடாது என்ற பிடிவாதமும் இருந்தது. பிடிவாதத்தில் நானும் அந்தக் குடும்பம்தானே.

பிறகு ஒருநாள் முற்றத்தில் ஆள் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மாமா ஒரு இளம் தம்பதியைக் கூட்டிக்கொண்டு நிற்கிறார். கைக்குழந்தையும் இருந்தது. புருசன் களுவாஞ்சிக்குடியில் ஏதோ அரச கந்தோருக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவராம். வாவி ஏறுவதைப் பற்றியோ பாம்பைப் பற்றியோ மாமா வாயே திறக்கவில்லை. சுவரில் ஆணி அடிக்கக்கூடாது, பலா மரத்தில் கொப்பு வெட்டக்கூடாது என்று மட்டும் சட்டம் போட்டார். "வீட்டுக்காரி வந்தா நீங்க எழும்பிடணும்" என்றார். வந்தவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். "இவ இல்ல" என்று மாமா, கொய்யா மரத்தில் ஏறிக்கொண்டிருந்த என் மகளைக் காட்டினார்.

அவர்கள் போனபிறகு நன்றி சொல்லலாம் என்று பக்கத்தில் போனேன். "வாடகைக்கு விட்டாலும் வீடு பொம்பிளப் புள்ளையிட வீடுதான். அவள் சொன்ன மாதிரித் தம்பிக்குக் குடுத்திட்டா மறுகா என்ன இரிக்கி?" என்றார். பிள்ளை தாயோடு இருக்க வேண்டும் என்பதற்காக அல்ல, வீடு ஆண் வழியில் போய்விடக்கூடாது என்பதற்காக இறங்கி வந்திருக்கிறார். நன்றி சொல்லாமலே திரும்பி வந்தேன். ஆனாலும் அந்த முன்பணத்தில்தான் நாலாவது டிக்கெட் எடுத்தேன். நாலாவது சூட்கேஸையும் அவரே நிறுத்தார். அதில் நான் வைத்திருந்த உரலில் இடித்த மிளகாய்த்தூளில் பாதியை நிறை கூடுதென்று வெளியே எடுத்துப் போட்டார். அதற்கும் ஒரு சண்டை.

இப்போது நாங்கள் இருப்பது ஒரு வீட்டின் மேல்மாடியில், இரண்டு அறையில். வாடகைக்குப் பாதிச் சம்பளம் போகிறது. மகள் என் காதளவுக்கு வளர்ந்துவிட்டாள். ஆங்கிலத்தில் தம்பியோடு சண்டை பிடிக்கிறாள். மாமா ஞாயிறு தவறாமல் வீடியோவில் வந்துவிடுவார். அவர் எங்கள் முகத்தைப் பார்க்க வருவதில்லை, வீட்டைக் காட்ட வருவார். போனைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கூரையைக் காட்டுவார், மழைத் தண்ணீர் ஓடும் பீலியைக் காட்டுவார், குடியிருப்பவர்களின் குழந்தை சுவரில் கிறுக்கியதைக் கிட்ட வைத்துக் காட்டுவார். "வீட்டுக்காரியக் கூப்பிடு" என்பார். மகள் என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டிவிட்டு, "ஓம் மாமா, ஓம் மாமா" என்று சொல்லிப் போனைத் திருப்பித் தந்துவிடுவாள். எனக்கு வேலைக்குப் போக நேரமாகியிருக்கும். ஒரு பீலிக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமையே போகிறதே என்று அலுத்துக்கொள்வேன்.

போன வருசம் மாமி போய்ச் சேர்ந்தா. ஒரு டிக்கெட்டுக்குக்கூட எங்களால் வழி பண்ண முடியவில்லை. கடப்பில் நின்று என் பக்கம் கதைத்த ஒரே மனிதரின் செத்த வீட்டை நான் போனில் பார்த்தேன். மாமியின் வீடு மாமியின் தங்கை மகளுக்கு என்று முன்பே பேச்சு. அவள் இன்னும் வரவில்லை, மாமா அதில் தனியாக இருக்கிறார். எங்கள் வீட்டில் இருந்தவர்களும் மாற்றலாகிப் போய்விட்டார்கள். வேறு ஆள் வைக்கச் சொன்னேன். பார்க்கிறேன் என்றார். பார்க்கவில்லை. பின்னேரத்தில் போய் விளக்குக் கொளுத்திவிட்டு வருவதாகச் சொன்னார்.

போன ஞாயிறு அவர் கூரையைக் காட்டவில்லை. போனை எதன்மேலோ சாய்த்து வைத்துவிட்டு எங்கள் முன்கூடத்தில் கதிரை போட்டு இருந்தார். பின்னால் வெறும் சுவர். ஆள் பாதியாக மெலிந்திருந்தார். சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் சொல்லாமல், "புள்ள, வீட்டத் தம்பிக்கு எழுதுறதெண்டாலும் எழுது. அவன் பெரியவனானா வந்து இரிப்பானோ தெரியா. ஆராவது வந்து இருந்தாச் சரி" என்றார்.

எத்தனை வருசமாக அவர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல் வராதா என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். வந்தபோது நான் கத்தினேன். "பொம்பிளப் புள்ளைக்குரிய வீட்ட ஆம்பிளைக்கு எழுதுறதா? என்ன கதை கதைக்கிறீங்க மாமா? அது அவளிட வீடு. இனி இப்படிக் கதைச்சா நான் போனுக்கு வரமாட்டன்" என்றேன். அடுத்த அறையிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

மாமா வாசல் பக்கம் திரும்பி எதையோ பார்த்தார்.

"அப்ப சரி" என்றார். "அவள் வாற வரைக்கும் நான் இரிக்கன்."